கோவிந்தனுக்கு வயது எழுதியவர்

செய்தி வந்த வேளையில் எங்கள் ஆம்பூர் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர் நடேசன், தோல் தரகர் ரஹீம் சாயபு, மாதனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த முனியம்மா. வேறு ஒருவரும் இல்லை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவரும் சாயபும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். முனியம்மா வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து, காலை வண்டியில் வேலூருக்குப் போன டாக்டர் ஐயா எப்போது வருவார் என்று மங்கிய கண்ணால் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் வந்தது ரயில்வே போர்ட்டர்.

"அம்மா, காட்பாடி ஸ்டேஷன்லேர்ந்து தந்தி அடிச்சுக்கிறாங்க. டாக்டரு ஐயா அங்க பெஞ்சியில வண்டிக்குக் காத்துகினு இருந்தாராம். குந்தினவாக்குலயே போய்ட்டாராம்மா."

என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டார். சாயபு இரண்டு கைகளையும் ஏந்தி வாய்க்குள் ஓதினார். முனியம்மா எழுந்து வந்து போர்ட்டரிடம் கேட்டாள்: "பதிலு எதுனா வாங்கினாராமா?"

"இன்னா பொம்பள நீ? மனுசன் செத்துட்டார்ன்றேன், பதிலு கிதிலுன்றே!"

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கடைசி மூச்சில் டாக்டராகிய எங்கள் மாமா அவர்களும் அந்தக் கேள்வியைத்தான் நினைத்திருப்பார்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் ஏகாம்பரம் அவர்கள் என் கணவரின் தமையனார். நான் மாமா என்று அழைப்பேன். சென்னையில் வைத்தியம் படித்துத் தேறி வந்தவர்கள். மணமாகிச் சில வருஷங்களிலேயே மனைவியைப் பறிகொடுத்து, மறுமணம் வேண்டாம் என்று சொல்லி எங்களோடு தங்கிவிட்டார்கள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவள். பள்ளிக்கூடம் போகாதவள், வெள்ளிக்கிழமைப் பூஜைக்குப் பாட்டுப் புத்தகம் பார்த்தும், வீட்டுக் கணக்கு எழுதியும் எழுத்துப் பழகினவள். ஆகையால் கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும்தான் எழுதத் தெரியும்.

அவர்களை அறிந்தவர்கள் முதலில் நினைத்துக்கொள்வது அந்தப் பல் பார்க்கும் வழக்கத்தைத்தான். தெருவில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் "வாயத் திற" என்பார்கள். நாளடைவில் தெருப்பிள்ளைகள் அவர்களைக் கண்டால் கும்பிடுவதை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு நிற்கத் தொடங்கின. ஒரு சமயம் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைத் தோழனாக வந்த சின்னப்பயல் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, கூட்டமெல்லாம் சிரித்தது. மாமாவும் சிரித்தார்கள், சிரித்துவிட்டு, அந்த நடுத்தெருவிலேயே பல்லையும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

ஊருக்கு வெளியே பாலாற்றை ஒட்டி ஒரு பெரிய தோல் பதனிடும் கம்பெனி இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். இயந்திரம் வைத்த கம்பெனி. அங்கே கை வெட்டுப்பட்டவர்களுக்கும் சுண்ணாம்பில் கால் வெந்தவர்களுக்கும் மருந்து போட மாமா அவர்களை அமர்த்தியிருந்தார்கள். இன்னொரு வேலையும் உண்டு. பதினாலு வயது நிரம்பாத பிள்ளையை இயந்திரம் ஓடும் இடத்தில் அரை நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் வயது இன்னது என்று டாக்டர் பல்லைப் பார்த்து மதித்துச் சீட்டு எழுத வேண்டும். அரை நாள் வேலைக்கு அரைக் கூலி. அரைக் கூலியில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்ட முடியாது. அதனால் கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் சீட்டு இல்லாமலே முழு நாளும் வேலை செய்தார்கள். பெற்றோருக்கும் அது தெரியும், மேனேஜருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

இன்ஸ்பெக்டர் துரை பார்வையிட வருகிற தினத்தில் மட்டும் கம்பெனி மணி விட்டு விட்டு அடிக்கும். அந்த மணி கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு தோல் பதனிட ஆவாரம் பட்டை கொட்டி வைத்த கிடங்குக்குள் ஓடிப்போய்ப் பட்டைக் குவியலுக்குள் புதைந்துகொள்வார்கள். துரை கிடங்கு வாசலில் நின்று பார்ப்பார். பட்டை தெரியும். போய்விடுவார்.

அப்படி ஒரு நாள் துரை போன பிறகு மற்றப் பிள்ளைகள் எழுந்து வந்தார்கள், ஒருவன் வரவில்லை. பட்டையை வாரித் தள்ளிவிட்டுப் பார்த்தால் முகம் நீலம் பாரித்துக் கிடந்தான். ஈரத்தோல் ஏற்றும் கைவண்டியில் போட்டு எங்கள் வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதை நான் கண்ணால் கண்டேன். மாமா அவர்கள் அவன் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் பட்டைத் தூளை விரல்விட்டு எடுத்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார்கள். வெகு நேரம் கழித்து அவன் இருமினான். கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டது: "துரை போய்ட்டாரா?"

அவன்தான் கோவிந்தன். முனியம்மாவின் ஒரே மகன். தகப்பன் இல்லை.

முனியம்மா ஓடிவந்து மகனை மடியில் போட்டுக்கொண்டு, அழுகையை நிறுத்திவிட்டு, மாமாவைப் பார்த்துச் சொன்னாள்:

"சாமி, இன்னிக்குப் பொழச்சுகினான். அடுத்த தபா துரை வந்தா? வயசைக் கொஞ்சம் ஜாஸ்தி போட்டு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சாமி. என் புள்ள ஒளிய வேணாம். வெளிச்சத்துல நின்னு வேலை செய்யட்டும்."

"உம் புள்ளைக்கு என்ன வயசும்மா?"

"பாலாத்துல வெள்ளம் வந்து வாணியம்பாடிய அடிச்சுகினு போச்சே, அப்ப வயித்துல இருந்தான். வெள்ளம் வடிஞ்சப்புறம் பொறந்தான்."

கணக்குப் பார்த்தால் பத்து வயதுகூட ஆகவில்லை. என் கணவர் தயங்கினார். "அண்ணா, சர்க்கார் காயிதத்துல பொய் எழுதலாமா?"

"சட்டப்படி எழுதினா நாளைக்கு மறுபடியும் பட்டைக்குள்ள போவான், தம்பி. அங்க மூச்சு முட்டிச் சாவான். அத எந்தக் காயிதத்துல எழுதறது?"

பார்க்காமலே எழுதியிருக்கலாம். ஆனால் மாமா அவர்கள் கோவிந்தனை நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, பல்லை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதினாலு நிரம்பியது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். "இன்னையிலேர்ந்து உனக்குப் பதினாலு முடிஞ்சுது. யார் கேட்டாலும் அதான். தெரிஞ்சுதா?" என்றார்கள். அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினான். ஒரே பகலில் பெரியவனாகிவிட்ட பெருமை அவன் முகத்தில் இருந்தது.

அதன் பிறகு மற்றத் தாய்மாரும் வந்தார்கள். மாமா யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கம்பெனி மணி விட்டு விட்டு அடிப்பது நின்றது. பட்டைக் கிடங்குக்குள் பிள்ளைகள் ஓடுவதும் நின்றது. மாமா சந்தோஷமாக இருந்த காலம் அது. ரஹீம் சாயபு வந்தால் கேலி பேசுவார்: "டாக்டர் சாப், எல்லாருக்கும் வயசை ஜாஸ்தி பண்றீங்க. நம்ம தாடிக்கு ஒரு இருவது கம்மி பண்ணி எழுதுங்களேன், இன்னொரு நிக்காஹ் பண்ணிக்கறேன்." "வாயத் திற சாயபு, பல்லு இருக்குதான்னு பாப்போம்," என்பார்கள் மாமா. உள்ளே அடுப்படியில் நானும் சிரிப்பேன்.

பிறகு ஜெர்மன் யுத்தம் வந்தது. யுத்தம் எங்கோ நடந்தது. ஆனால் பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோல் எங்கள் பக்கத்துத் தொட்டிகளிலிருந்து போக வேண்டும். கம்பெனி ராத்திரி பகலாக ஓடியது. அதற்குச் சில வருஷம் கழித்து, தோல் மட்டும் போதாது, ஆளும் வேண்டும் என்று வந்தார்கள். கடல் தாண்டிப் பஸ்ரா என்ற இடத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்க ஆள். கம்பெனி வாசலிலேயே ஒரு ஹவல்தார் தமுக்கு அடித்துக்கொண்டு நின்றான். முழுச் சட்டை, மூன்று வேளைச் சோறு, திரும்பி வந்தால் மரியாதை என்று சொன்னான்.

இதற்கும் சட்டம் உண்டு. வயது வராத பிள்ளையைப் பட்டாளத்தில் சேர்க்கக் கூடாது. ஹவல்தார் அந்தச் சட்டத்தை மீறவில்லை. "வயசுச் சீட்டு இருக்கறவன் மட்டும் வா," என்றானாம். கோவிந்தனிடம் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டுப்படி அவனுக்குப் பதினெட்டு. உண்மையில் பதினாலு.

முனியம்மாவுக்குத் தெரிந்தபோது அவன் வேலூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் எங்கள் வாசலில் வந்து விழுந்தாள். மாமா அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினார்கள். அவளையும் என் கணவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த வண்டியிலேயே வேலூர் போனார்கள். அங்கே நடந்ததை என் கணவர் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஆள் சேர்க்கும் டிப்போவில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். கெட்டவர் என்று என் கணவர் சொல்லவில்லை. நாற்காலி போடச் சொன்னாராம். மாமா உட்காரவில்லை. கோவிந்தனின் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் துரை கேட்டார்: "இது உமது கையெழுத்தா?"

"ஆம்."

"இதில் எழுதியிருப்பது நிஜமா?"

"பொய். அவன் சிறு பிள்ளை."

"அப்படியானால் நீர் ஒரு தடவை பொய் சொல்லியிருக்கிறீர். அது அன்றைக்கா, இன்றைக்கா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் வாயைத் திறந்து பாருங்கள்."

முனியம்மா குறுக்கே பேசினாள். வெள்ளத்தைச் சொன்னாள்; வாணியம்பாடியைச் சொன்னாள். குமாஸ்தா மொழிபெயர்த்தான். துரை, ஆறு என்றால் வெள்ளம் வராதா, எந்த வருஷத்து வெள்ளம் என்று கேட்டார். எங்கள் பாலாற்றில் தண்ணீரைக் கண்டாலே அதிசயம் என்பதும், அந்த வெள்ளத்தை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் பிறப்பு இறப்பெல்லாம் சொல்வோம் என்பதும் அவருக்கு எங்கே தெரியும்? கோவிந்தன் பிறந்ததை எந்தப் புத்தகத்திலும் யாரும் பதியவில்லை. இந்த உலகத்தில் அவன் பெயர் எழுதிய ஒரே காகிதம் மாமா எழுதியதுதான்.

கோவிந்தனைக் கூப்பிட்டார்கள். முழங்காலுக்குத் தொங்குகிற காக்கிச் சட்டையோடு வந்து நின்றான். மாமா கேட்டார்கள்: "சொல்லுடா கோவிந்தா, உன் வயசு இன்னா?"

"பதினெட்டு, ஐயா."

"யாருடா சொன்னது?"

"நீங்கதான். பல்லப் புடிச்சுப் பாத்து எழுதினீங்களே."

"அது பொய்டா, ராஜா. நான் பொய் எழுதினேன்."

அவன் சிரித்தானாம். டாக்டர் ஐயா விளையாட்டுக்குச் சொல்கிறார், தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டான். இன்ஸ்பெக்டர் துரை வரும்போதெல்லாம் கம்பெனியில் அப்படித்தான் சோதித்துப் பழக்கியிருந்தார்கள். "இல்ல ஐயா, பதினெட்டு," என்று இன்னும் உரக்கச் சொன்னான்.

மாமா அவர்கள் துரையிடம், "பொய்ச் சீட்டு எழுதியதற்கு என்னை ஜெயிலில் போடுங்கள். பிள்ளையை விட்டுவிடுங்கள்," என்றார்கள். அதற்குத் துரை சொன்ன பதிலை என் கணவர் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன் என்பார்: "உம்மை ஜெயிலில் போட்டால் நீர் எழுதிய சீட்டெல்லாம் பொய்யாகிவிடும். அந்தச் சீட்டில் வேலை செய்கிற கம்பெனி சட்டப்படி நிற்க வேண்டியிருக்கும். கம்பெனி நின்றால் பட்டாளம் வெறுங்காலோடு நடக்கும். ஆகையால் டாக்டர், உமது சீட்டு நிஜம்."

அவர்கள் திரும்பி வந்த இரண்டொரு நாளில் ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற வண்டியில் பிள்ளைகளை ஏற்றினார்கள். வண்டி ஆம்பூரில் நின்றது, யாரையும் இறங்கவிடவில்லை. ஸ்டேஷனில் நானும் இருந்தேன். கோவிந்தன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, "அம்மா, புதுச்சட்டை பாரு! பித்தளைப் பொத்தான்!" என்று கத்தினான். முனியம்மா அழவில்லை. "கைய உள்ள வைடா, கம்பத்துல இடிக்கும்!" என்று கூவிக்கொண்டே வண்டியோடு ஓடினாள். வண்டி போய்விட்டது. மாமா அவர்கள் பிளாட்பாரத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கோயிலில்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "அன்னம், சட்டம் பிள்ளைங்களுக்கு ரெண்டு வேலி போட்டிருந்துச்சு. ஒண்ணு கம்பெனிக்கும் பிள்ளைக்கும் நடுவுல. இன்னொண்ணு பட்டாளத்துக்கும் பிள்ளைக்கும் நடுவுல. முதல் வேலியை நான் புடுங்கினேன். ரெண்டாவது அதும்மேலதான் சாஞ்சுகிட்டு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலம்மா."

அதன் பிறகு அவர்கள் பொய் வயது எழுதவில்லை. அதனால் நன்மை விளைந்தது என்று எழுத ஆசைதான்; விளையவில்லை. உள்ள வயதை எழுதிய பிள்ளைகள் அரைக்கூலிக்குத் தள்ளப்பட்டார்கள். தாய்மார் எங்கள் வாசலில் நின்று ஏசினார்கள். "ஊரான் புள்ளைக்கு எழுதின கை எம் புள்ளைக்கு மட்டும் வலிக்குதா?" என்று ஒருத்தி மண்ணை வாரி இறைத்தாள். மாமா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வேறு ஊரிலிருந்து வேறு டாக்டரை அமர்த்திக்கொண்டார். சீட்டுக் கிடைக்காத பிள்ளைகளுக்காக மணி மறுபடியும் விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியது. அந்த மணிச் சத்தம் காற்றில் எங்கள் வீடு வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்துவார்கள்.

யுத்தம் முடிந்து திரும்பியவர்களில் தேவராஜு என்பவன் இருந்தான். இவன் உண்மையிலேயே வயது வந்தவன். மாமாவைப் பார்க்க வந்து, வெளியே நின்றபடி சொன்னான்:

"கோயிந்தனும் நானும் ஒரே கூடாரம் ஐயா. வெயிலு தாங்கல அவனால. மூட்டை அவன விட ஒசரம். ராவுல அம்மா அம்மான்னு பெனாத்துவான், மத்தவனுங்க சிரிப்பானுங்க. அப்புறம் ஜுரம் வந்துச்சு. ஆஸ்பத்திரி படகுல ஏத்தினாங்க. கை காட்டினான். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"படகு எங்க போச்சு?"

"ஆத்தோட போச்சு ஐயா. எங்கன்னு யாரைக் கேக்கறது?"

யாரைக் கேட்பது என்பதிலேயே மாமாவின் மிச்ச ஆயுள் போயிற்று. வேலூர்ப் பட்டாளத்து ஆபீசுக்கு மனு எழுதினார்கள். "உரிய வயது வராத பிள்ளையாகிய கோவிந்தன் எங்கே? உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்டார்கள். வந்த பதில்: உரிய வயது வராத பிள்ளைகள் யாரும் சேர்க்கப்படவில்லை, ஆகையால் நீர் கேட்கும் நபர் எங்கள் பதிவில் இல்லை, சரியான விவரம் தெரிவிக்கவும். மாமா மறுபடியும் எழுதினார்கள். மறுபடியும் அதே பதில். ஆபீசர் மாறினார்கள், கலெக்டர் மாறினார்கள், பதில் மாறவில்லை.

ரஹீம் சாயபு சொல்லிப் பார்த்தார்: "டாக்டர் சாப், ஏன் பேஜார் பண்ணிக்கறீங்க? அவங்க புஸ்தகத்துல பதினெட்டுக் கோவிந்தன் இருக்கான். அவனைக் கேட்டாத்தானே பதில் வரும்? நீங்க இல்லாத ஆளைக் கேக்கறீங்க."

"இல்ல சாயபு. நான் கேக்கறவன்தான் நெசமா இருக்கறவன். நான் எழுதினேனே, அவன்தான் இல்லாத ஆளு. மறுபடியும் அந்தப் பொய்யில கையெழுத்துப் போட்டா, பிள்ளைங்களை அனுப்பவே இல்லன்னு அவங்க சொல்றதுக்கு நானே சாட்சி ஆயிடுவேன்."

சாயபு போகும்போது என் கணவரிடம், "உங்கண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு, தம்பி. அந்தத் தாய்க்கு நியாயம் வேணாம், மகன்தான் வேணும்," என்றார்.

முனியம்மா அடிக்கடி வருவாள். "பதிலு வந்துச்சா சாமி?" என்பாள். வரவில்லை என்றால் நான் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் மாமா அவளிடம், "என்னை மன்னிச்சுடும்மா," என்றார்கள். அவள் வியந்து பார்த்தாள். "நான் கெஞ்சினேன், நீ எழுதினே சாமி. எம் புள்ளைய நான் பெத்தேன். அவன் வயச நாம ரெண்டு பேருமா சேந்து பெத்தோம். யாரை யாரு மன்னிக்கறது?" என்றாள். நான் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு நாள் மாமா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று உரக்கக் கூப்பிட்டார்கள். சீமைப் பக்கத்துப் பல தேசங்கள் ஒன்றுகூடி, ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்குத்தான் என்று எழுதி ஒப்புக்கொண்டிருப்பதாகச் செய்தி. மாமா முகத்தில் வெகு காலத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் கண்டேன். மரத்தடியில் இருந்த முனியம்மாவுக்கும் படித்துக் காட்டினார்கள். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "நல்லதுதான் சாமி. அவுங்க வயச எப்பிடிப் பாப்பாங்களாம்?" என்றாள்.

மாமா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் ஆடி அமாவாசை கழிந்து முனியம்மா வந்தாள். கண் மங்கிப்போய், ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். "சாமி, எனக்கு இனிமே நாளு இல்ல. ஊர்ல எல்லாரும் செத்தவங்களுக்குப் படையல் போடறாங்க. நான் வருசா வருசம் இலைய வாங்கி வெச்சுகினு குந்தினு இருக்கறேன். உசுரோட இருக்கறவனுக்குப் படையல் போட்டா அவன் ஆயுசு போய்டும்ன்றாங்க. செத்தவனுக்குப் போடாம விட்டா அவன் பசியா அலைவான்ன்றாங்க. எது பண்ணாலும் எம் புள்ளைக்குத்தானே கேடு? பதினெட்டுன்னே எழுது சாமி. அவுங்க கேக்கற மாதிரியே எழுது. பதிலு வந்தா போதும்."

மாமா அன்று முழுவதும் பழைய பதில்களையெல்லாம் எடுத்துப் படித்தார்கள். பிறகு எழுதினார்கள். வயது வந்த ஆண், பதினெட்டு நிரம்பிச் சேர்க்கப்பட்டவர், பெயர் கோவிந்தன், அவர் நிலை தெரிவிக்கவும் என்று. எழுதி முடித்து என்னிடம் சொன்னார்கள்: "ரெண்டாம் தடவையா அதே பொய்ய எழுதறேன், அன்னம். முதல் தடவை பல்லையாவது பாத்து எழுதினேன்." காப்பிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாமே நேரில் கொடுக்க வேலூர் போனார்கள். அதுதான் நான் முதலில் சொன்ன நாள்.

பிறகு என் கணவர் அந்த ஆபீசுக்குப் போய் விசாரித்தார். குமாஸ்தா நல்லவிதமாகவே பேசினாராம். "பெரியவர் வந்தார். மனுவை வாங்கிக்கிட்டேன். இப்ப எல்லாம் சரியா இருக்குங்க. இதை முன்னாலேயே இப்படி எழுதியிருந்தா எப்பவோ தேடிக் குடுத்திருப்போமேன்னு அவர்கிட்டயும் சொன்னேன்," என்றாராம். அதைக் கேட்டு மாமா என்ன சொன்னார்கள் என்று என் கணவர் கேட்டார். கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். டிப்போவில் தம்மையே ஜெயிலில் போடச் சொல்லிக் கெஞ்சியவர்கள், கடைசியில் குமாஸ்தாவின் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு காட்பாடி பெஞ்சு வரைக்கும்தான் போக முடிந்தது.

பாலாற்று மணலில் தகனம் நடந்தது. பெண்கள் போவதில்லை, நான் வீட்டில் இருந்தேன். முனியம்மாவைத் தடுக்க யாருமில்லை, அவள் போனாள். எல்லாரும் குளித்துவிட்டுத் திரும்பிய பிறகும் அவள் எட்ட நின்றுகொண்டிருந்தாள் என்று என் கணவர் சொன்னார். கூப்பிட்டாராம். "நீங்க போங்க சாமி. தீ ஆர்ற வரைக்கும் நான் இருக்கறேன். பாவம், அவருக்கும் புள்ள இல்ல," என்றாளாம். வறண்ட ஆற்றின் நடுவே அந்த நெருப்பும், அதற்கு எட்டக் கண் மங்கிய அந்தத் தாயும். நான் காணாத காட்சி; ஆனால் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

மாமா, போய் வாருங்கள். நான் கும்பிடுகிற முருகன் சன்னிதியில் யாரிடமும் வயதுச் சீட்டுக் கேட்கமாட்டார்கள் என்று நம்பியிருந்தேன். இப்போது எதையும் உறுதியாக நம்ப முடியவில்லை. ஆனாலும் தினம் விளக்கேற்றுகிறேன். உங்களுக்காகவும், எந்தக் கரையில் இறங்கினான் என்று தெரியாத அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்து.

வேலூர் ஆபீசில் உள்ள கனவான்களுக்கும், பஸ்ராவில் ஆஸ்பத்திரிப் படகுகளில் வேலை பார்த்துத் திரும்பிய யாரேனும் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கோவிந்தன் உங்கள் பதிவில் பெரியவன்; எங்களுக்குப் பிள்ளை. எந்த வயதில் தேடினாலும் தேடுங்கள். டாக்டர் ஏகாம்பரம் அவர்கள் கொடுத்த மனு உங்களிடம் இருக்கிறது. கேட்டவர் இறந்துவிட்டார் என்று அதை மூடிவிட வேண்டாம், தாய் இருக்கிறாள். அவன் இருக்கிறானா, இல்லையா என்ற ஒரு சொல் போதும். தை அமாவாசை நெருங்குகிறது. பதிலை விரைவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.